1939-இல் லண்டனிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பிய பிள்ளைகள் ஏன் சில மாதங்களிலேயே திரும்பினார்கள்?

பயந்தபடி குண்டு விழவில்லை என்பதுதான் முதல் காரணம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்பே, செப்டம்பர் 1 அன்று, வெளியேற்றம் தொடங்கிவிட்டது. லண்டனும் மற்ற நகரங்களும் சேர்த்து, மூன்றே நாட்களில் ஏறக்குறைய 15 லட்சம் பேர். பாதிக்கு மேல் பெற்றோர் இல்லாமல் பள்ளியோடு போன பிள்ளைகள். தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி, சட்டையில் பெயர்ச்சீட்டு. எந்த ஊர் என்பதே பல தாய்மார்களுக்குப் பிள்ளையின் அஞ்சலட்டை வந்த பிறகுதான் தெரிந்தது.

என் மனதை உலுக்குவது அதற்கடுத்த காட்சி. பல ஊர்களில் பொதுக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்திவைக்க, வீட்டுக்காரர்கள் பிடித்தவர்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போனார்கள். எஞ்சி நின்ற பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்! பிறகு வீட்டு ஏக்கம். பராமரிப்புச் செலவில் பெற்றோரும் பங்கு தர வேண்டியிருந்தது.

1940 ஜனவரிக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டன் மீது குண்டுமழை தொடங்கியதும் பலர் மறுபடி ரயிலேறினார்கள்.