வீட்டுக்குப் பின்னால் 14 மாடி: தடுக்க முடியுமா?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரம் பக்கம் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். தெரு 23 அடி அகலம். பின்னால் கிடந்த மூன்று ஏக்கர் நிலத்தைச் சுற்றித் தகரம் அடைத்துவிட்டார்கள். 14 மாடி, 200 வீடுகள் என்று பேச்சு. தண்ணீர், சாக்கடை, வண்டி நெரிசல் எல்லாவற்றையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. தடுக்க வழி உண்டா?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘இந்தக் கட்டடம் எங்களுக்கு வேண்டாம்’ என்று தெருவே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தாலும் அது கோப்பில் ஒரு தாளாகத்தான் கிடக்கும். குடியிருப்புப் பகுதியில் குடியிருப்பு வருவதை அந்தக் காரணத்துக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் வாசல், மழைநீர் எங்கே போகும் என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வாசலில் தொடங்குங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். அதற்கு முன்னால் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். உங்கள் 23 அடி ஏழு மீட்டர்தான். ஆகவே உங்கள் தெருவைக் காட்டி அவர்கள் அனுமதி வாங்க முடியாது. மறுபக்கத்துப் பெரிய சாலையைத்தான் காட்டுவார்கள். கவனம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். ‘அவசரத்துக்கு மட்டும், அண்ணாச்சி’ என்று உங்கள் பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு திறக்கும். இரண்டு வருடத்தில் பால் வண்டி, பள்ளி வேன், தண்ணீர் லாரி எல்லாம் அதன் வழியாக வரும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்தக் கதவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

வரைபடத்துக்கு யார் காலிலும் விழ வேண்டாம். எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டம் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு பெற வேண்டும். பதிவுக்கு முன் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவான திட்டத்தின் விவரங்களை ரியல் எஸ்டேட் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்தையும் வரைபடத்தில் அளந்து பாருங்கள். 30 மீட்டர் உயரம் வரை ஏழு மீட்டர். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் ஆறு மீட்டருக்கும் இன்னொரு மீட்டர். மூன்று ஏக்கர் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்பதால், உள்சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட 30 சென்ட். அது மூலையில் முடங்கிக் கிடக்கிறதா, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது தண்ணீர். அந்த நிலம் இத்தனை நாள் மழையைக் குடித்துக்கொண்டிருந்தது. பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் மூன்று ஏக்கரில் விழுவது ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் நூறு லாரி. அதன் மேல் கான்கிரீட் போட்டு மண்ணடித்துத் தரையையும் உயர்த்தினால், பள்ளம் உங்கள் தெருதான். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாளையங்கால்வாயிலிருந்தும் குளங்களிலிருந்தும் பிரிந்த சிறு கால்களும் ஓடைகளும் எத்தனையோ இன்று தெருக்களாகிவிட்டன. அந்த நிலத்தின் புல எண்ணுக்குப் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) நிலத்தின் வகை எழுதியிருக்கும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்து, வாய்க்கால் புறம்போக்கோ ஓடைப் புறம்போக்கோ உள்ளே போகிறதா என்று பாருங்கள். தெருவில் அங்கே வயல் பார்த்த பெரியவர் இருந்தால் மடை எங்கே இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓடை அடைபட்டிருந்தால் உங்கள் மனுவுக்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது.

அன்றாடத் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. 200 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 1,08,000 லிட்டர். குடிநீர் இணைப்பா, ஆழ்துளைக் கிணறா, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.

கட்டும் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். இத்தகைய கட்டடங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் விதியிலேயே கிடையாது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். அனுமதி கிடைத்த 30 நாளுக்குள் அதை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிகள் வெளியாகும் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பைத் தெருவில் ஓர் இளைஞரிடம் கொடுங்கள்.

வெளிச்சம், காற்று மறைவதாக வழக்குப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். இருபது ஆண்டு அனுபவித்த உரிமைக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பாதிப்பு கணிசமானது என்று நிரூபிப்பது பெரும்பாடு. நான் அதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, தோண்டும் இயந்திரம் வருவதற்குள் உங்கள் வீட்டுச் சுவர், தளம், கிணறு, தொட்டி எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசல்களையும் விடாதீர்கள். ஒரு பொறியாளரின் கையெழுத்தோடு அறிக்கை வாங்கி, அதன் நகலைக் கட்டுநருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.