அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு வேலையோடு வரட்டும்

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. அம்மாவுக்கு 76 வயது, தனியாக இருக்கிறார். முழங்கால் வலியால் ஒரு வருடமாக வாசல் தாண்டுவதில்லை. இளைத்துவிட்டார், எப்போதும் அசதி என்கிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன், ஞாயிறுதோறும் வருவேன். சத்து டானிக் வாங்கித் தரலாமா?

பதில்: டானிக் அப்புறம். இந்த ஞாயிறு அம்மாவிடம் ஒரு ஈரத் துண்டைக் கொடுத்துப் பிழியச் சொல்லிப் பாருங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா என்றும் கவனியுங்கள். காரணமில்லாத எடைக் குறைவு, தீராத அசதி, கைப்பிடியில் தளர்ச்சி, மெதுவான நடை, நடமாட்டக் குறைவு. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அது உடல் நலிவு. 2001-இல் வந்த அளவுகோல் இது. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள், ஓரளவு மீட்க முடியும். இளைத்ததற்குச் சர்க்கரை, தைராய்டு, பல், மனச்சோர்வு என எதுவும் காரணமாகலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆள் வராத வீட்டில் ஒருத்திக்காக யார் சமைப்பார்கள்? காலையில் வைத்த ரசத்தையே ராத்திரியும் ஊற்றிக்கொள்வார். பருப்பும் முட்டையும் தட்டுக்கு வராது, தசை கரையும். கால் தளர்ந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம். பயந்தவர் இன்னும் உட்கார்ந்தே இருப்பார்.

அதனால் ஆட்கள் வரவேண்டும். ஆனால் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களால் அவ்வளவு பலனில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து, 'அம்மா, கொஞ்சம் உருவிக் கொடுங்க' என்று திண்ணையில் உட்காரட்டும். அதற்காக அம்மா எழுந்து நடப்பார், விரல் வேலை செய்யும், பேச்சும் வரும். உங்கள் வார்டு குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தை, அதாவது பக்கத்து வீட்டுப் பெண்களின் சுயஉதவிக் குழுவை, வாரம் ஒருமுறை உங்கள் திண்ணையிலேயே கூட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் முக்கியமாகச் சொல்வது இதைத்தான்.

உங்கள் பகுதி சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரிடம், வீட்டுக்கே வந்து வலி தணிப்புப் பராமரிப்பு தரும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் பற்றியும் விசாரியுங்கள். புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. வீட்டோடு முடங்கிய முதியவர்களையும் அவர்கள் வந்து பார்ப்பார்கள்.

சாப்பாட்டில், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும். 45 கிலோ என்றால் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஆள் துணையோடு ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், காலையும் மாலையும்.

டானிக்குக்கு வைத்திருக்கும் பணத்தில் வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, வாசற்படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்கள்.