விளம்பரக் கால்: ப்ளாக் செய்வதோடு விட்டுவிடாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். ஒரு லேண்ட்லைன், பாலக்காட்டில் வாங்கிய சிம் ஒன்று, கோயம்புத்தூரில் வாங்கிய சிம் ஒன்று. காலையில் மலையாளத்தில் லோன், மத்தியானம் தமிழில் பொள்ளாச்சி ரோட்டில் சைட், நடுவில் இந்தியில் இன்சூரன்ஸ். அம்மா புரியாவிட்டாலும் 'சரி, சரி' என்று சொல்லிவிடுகிறார். எத்தனை நம்பரை ப்ளாக் செய்தாலும் நிற்கவில்லை. என்ன வழி?"

ப்ளாக் செய்தால் அந்த ஒரு நம்பர் உங்கள் ஒரு போனுக்கு வராது, அவ்வளவுதான். கூப்பிட்டவர் அதே நம்பரிலிருந்து பக்கத்து வீட்டைக் கூப்பிடுவார், நாளை இன்னொரு சிம்மிலிருந்து உங்களையே கூப்பிடுவார். அந்த இணைப்பையே முடக்க வைப்பது புகார்தான். ஆனால் அதைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

முதல் வேலை 1909-ல் பதிவு. விளம்பரக் கால், மெசேஜ் வேண்டாம் என்று பதிவு செய்யவும், மீறி வந்தால் புகார் கொடுக்கவும் உள்ள நம்பர் அது. மொபைலிலிருந்து ஆங்கில எழுத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு 0 போட்டு, 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா வகை விளம்பரமும் தடை. எல்லை ஊர்க்காரர்களுக்கு எஸ்எம்எஸ்தான் வசதி, எந்த மொழியில் பேசுவது என்ற பிரச்சினையே இல்லை. பதிவு நம்பருக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அதனால் கேரள சிம், தமிழ்நாட்டு சிம் இரண்டிலிருந்தும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். லேண்ட்லைனுக்கு அந்த போனிலிருந்தே 1909-ஐக் கூப்பிடுங்கள். பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங் மெசேஜ் எல்லாம் நின்றுபோகுமோ என்று பயந்தே பலர் இதைச் செய்யாமல் இருக்கிறார்கள். அவை சேவைத் தகவல்கள், வந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, பதிவு செய்தும் கால் வருகிறதே? முறையாகப் பதிவு செய்துகொண்ட டெலிமார்க்கெட்டிங் நிறுவனம் 140 என்று தொடங்கும் நம்பரிலிருந்துதான் விளம்பரம் பேசலாம், அவர்களைத்தான் இந்தத் தடை பிடிக்கும். (பேங்க், அரசுத் துறைகள் சேவைக்காகக் கூப்பிட 1600 வரிசை இருக்கிறது.) உங்களைத் தொல்லை செய்பவர்களில் பெரும்பாலோர் சாதாரணப் பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து பேசுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அப்படி விற்பதே விதிமீறல், அவர்கள்மேல் புகார் கொடுக்க நீங்கள் 1909-ல் பதிவு செய்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

2025 பிப்ரவரியில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இந்த விதிகளை நன்றாகவே இறுக்கியது. முன்பு 3 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், இப்போது 7 நாள் அவகாசம். பதிவு செய்யாமல் விளம்பரம் பேசுகிறவர்மேல் போன் நிறுவனம் 5 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும், முன்பு அது 30 நாள். முன்பு ஒரு நம்பர்மேல் 7 நாளில் 10 புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை, இப்போது 10 நாளில் 5 போதும். விதிமீறல் உறுதியானால் முதல் தடவை 15 நாளுக்கு அவுட்கோயிங் துண்டிப்பு, திரும்பவும் செய்தால் அவர் பெயரிலுள்ள எல்லா இணைப்பும் ஓராண்டுக்குப் போகும். ஐந்து புகாரும் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வர வேண்டும், அதனால் உங்கள் தெருவில் அதே சைட் கால் வந்த அத்தனை பேரையும் கொடுக்கச் சொல்லுங்கள், ஒருவர் சோம்பல்பட்டால்கூட கணக்கு தப்பிவிடும். உங்களுடைய எந்த நம்பருக்குக் கால் வந்ததோ அதிலிருந்தே 1909-ஐக் கூப்பிட்டு, அல்லது டிராயின் டிஎன்டி ('தொந்தரவு செய்யாதே') செயலியில், கூப்பிட்டவரின் நம்பர், தேதி, என்ன விற்றார் என்று சொன்னால் போதும். லேண்ட்லைனில்தான் சிக்கல், நம்பர் தெரியாமல் புகார் கொடுக்க முடியாது. காலர் ஐடி வசதி கேட்டு வாங்கி, நம்பர் தெரியும் போன் ஒன்றை வையுங்கள். அப்பா ஒரு நோட்டில் நம்பரையும் தேதியையும் குறித்து வைத்தால், வாரக் கடைசியில் நீங்கள் வந்து புகார் கொடுக்கலாம், 7 நாள் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருவோம், எனக்கு உண்மையில் அதுதான் கவலை. புரியாத மொழியில் ஒருவர் மரியாதையாகப் பேசும்போது போனை வைப்பது நம் பெரியவர்களுக்கு மனசு வராது. சொல்லிப் புரிய வையுங்கள்: பதில் சொல்லாமல் வைத்துவிடலாம், அது மரியாதைக்குறைவு இல்லை. பிறந்த தேதி, ஆதார், ஓடிபி எதைக் கேட்டாலும் "பிள்ளையிடம் கேளுங்கள்" என்றுகூடச் சொல்ல வேண்டாம், உடனே வைக்க வேண்டும். ஏனென்றால் போலீஸ், கஸ்டம்ஸ், டிராய் என்று சொல்லி "உங்கள் நம்பரைத் துண்டிக்கப்போகிறோம்", "டிஜிட்டல் அரெஸ்ட்" (போனிலேயே உங்களைக் கைது செய்துவிட்டோம்) என்று மிரட்டுகிறவர்களும் இதே போனில்தான் வருகிறார்கள். டிராய் அப்படி யாரையும் கூப்பிடுவதில்லை, டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. இவர்களை 1909-க்கு அனுப்பாதீர்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் மோசடி அழைப்புகளைத் தெரிவிக்க சக்ஷு என்ற பகுதி இருக்கிறது, வாட்ஸ்ஆப்பில் வந்த மோசடி அழைப்பையும் அங்கே தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இதே நம்பர்தான். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

அப்புறம், ஓணத்துக்கும் தீபாவளிக்கும் ஜவுளிக்கடையில் பரிசுக் கூப்பன் நீட்டுவார்கள் இல்லையா, அதில் அம்மாவின் நம்பரை எழுதாதீர்கள். பில் போடும்போது நம்பர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், பில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.