அறை வாடகை மலிவு, தீவு மலிவா? தொலைதூரத் தீவில் தங்குவதற்கான செலவுத் திட்டம்

கேள்வி: தொலைவில் உள்ள ஒரு வெப்பமண்டலத் தீவில் மூன்று வாரம் குறைந்த செலவில் தங்க விரும்புகிறேன். இணையத்தில் பார்த்த அளவில் அறை வாடகை கைக்கு எட்டுவதாகவே இருக்கிறது. விமானக் கட்டணத்தோடு அந்த வாடகையைக் கூட்டினால் மொத்தச் செலவு வந்துவிடும் அல்லவா? சமையலறை உள்ள இடமாக எடுத்து நானே சமைத்துக்கொண்டால் மிச்சமாகுமா? வாடகை முழுவதையும் முன்கூட்டியே கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: விமானக் கட்டணத்தையும் வாடகையையும் கூட்டினால் மட்டும் மொத்தச் செலவு வந்துவிடாது. தொலைதூரத் தீவுகளில் அறை வாடகை பெரும்பாலும் கணக்கின் சிறிய பகுதிதான். பணத்தை விழுங்குவது பயணத்தின் கடைசிக் கட்டம், அதாவது பெரிய விமான நிலையம் உள்ள ஊரிலிருந்து நீங்கள் தங்கப்போகும் தீவு வரையிலான சிறு விமானமோ படகோதான். அங்கேயும் கட்டணத்தைவிட முக்கியமானது அது எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது என்பது. பசிபிக் பெருங்கடலில் உள்ள டோக்கலாவ் தீவுகளில் விமான நிலையமே கிடையாது. சமோவாவின் தலைநகரான ஆப்பியாவிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கும் மேலாகப் பயணம் செய்துதான் போய்ச் சேர முடியும். இத்தகைய இடத்தில் எத்தனை நாள் தங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, கப்பல் அட்டவணை முடிவு செய்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு கப்பல் என்றால் உங்கள் மூன்று வாரம் ஒன்று இரண்டு வாரமாகச் சுருங்கும், அல்லது நான்கு வாரமாக நீளும்.

ஆகவே வழக்கமான வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் கடைசிக் கட்டப் போக்குவரத்தின் தேதியை உறுதி செய்யுங்கள், அதற்கேற்ப நெடுந்தூர விமானத்தைப் பதிவு செய்யுங்கள், அறையைக் கடைசியில் தேடுங்கள். திரும்பி வரும்போது தீவை விட்டுப் புறப்படும் நாளிலேயே நெடுந்தூர விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடுவதுதான் இந்தப் பயணங்களில் நான் அடிக்கடி காணும் வீண்செலவு. கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது. இரண்டு பயணச்சீட்டுகளையும் தனித்தனியாக வாங்கியிருந்தால், தவறிப்போன விமானத்துக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. இடைநிலை ஊரில் குறைந்தது இரண்டு இரவுகளுக்கான தங்கும் செலவை முதலிலேயே கணக்கில் எழுதிவிடுங்கள். சிறு விமானங்களில் அனுமதிக்கப்படும் சுமை மிகக் குறைவு என்பதையும் மறந்துவிட வேண்டாம். எடை கூடினால் சில நேரங்களில் பணம் கட்டினாலும் பெட்டி உங்களோடு ஏறாது, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்.

அடுத்து, பருவம். விலை குறைந்திருக்கும் மாதங்கள் ஏன் குறைந்திருக்கின்றன என்று கேட்காமல் பதிவு செய்யக்கூடாது. தென் பசிபிக்கிலும் தென்மேற்கு இந்தியப் பெருங்கடலிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். கரீபியன் பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஏறத்தாழ ஐந்து பாகை அகலத்துக்குள் பூமியின் சுழற்சியால் எழும் கொரியாலிஸ் விசை மிக வலுவற்றது என்பதால் அங்கே புயல் உருவாவது அரிது. ஆனால் அங்கும் தொடர்மழை மாதங்கள் உண்டு, படகுகள் நின்றுபோகும் நாட்களும் உண்டு. தென் பசிபிக்கைத் தேர்ந்தெடுப்பீர்களானால் மே மாதத்தைப் பரிந்துரைப்பேன். புயல் காலம் முடிந்திருக்கும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் குளிர்கால விடுமுறைக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது, வாடகையும் உச்சத்தை எட்டியிருக்காது.

ஒரே தீவிலும் பக்கத்துக்குப் பக்கம் வாடகை மாறும். பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வீசும் வியாபாரக் காற்று நேராக மோதும் கரையில் அலை அதிகம், நீந்துவது கடினம், ஆகவே வாடகை குறைவு; காற்று மறைவான கரையில் கடல் அமைதியாக இருக்கும், விலையும் கூடும். காற்று வீசும் பக்கத்தில் புழுக்கமும் கொசுவும் குறைவு என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. நாள் முழுவதும் கடலில் இறங்கிக் கிடக்கும் எண்ணம் இல்லாதவருக்கு அந்தப் பக்கமே மேல் என்பது என் கருத்து.

அரசுக் கட்டணங்கள் பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு செலவு. எக்வடோர் நாட்டின் கலாபகோஸ் தீவுகளுக்குள் நுழைய வெளிநாட்டவர் பெரும்பாலோர் செலுத்தும் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 200 அமெரிக்க டாலர்; அதற்கு முன் அது 100 டாலராக இருந்தது. பலாவ் நாடு 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணத்தை விமானச் சீட்டிலேயே சேர்த்து வசூலிக்கிறது. இவை இரண்டும் ஒருமுறைக் கட்டணங்கள் என்பதால், நீண்ட நாள் தங்குபவருக்கு நாளொன்றுக்கான சுமை குறையும். நாள் கணக்கில் வசூலிக்கும் தீவுகளில் நிலைமை வேறு. மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளிலுள்ள சிறு விருந்தினர் விடுதிகளில் 2025 ஜனவரி முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 டாலர் பசுமை வரி. உங்களைப் போல 21 நாள் தங்கினால் அதுவே 126 டாலராகிவிடும், அறை வாடகை மீதான வரி தனி. பிரேசிலின் பெர்னாண்டோ டி நோரோன்யா தீவு, தங்கும் நாட்கள் கூடக் கூட உயரும் வகையில் கட்டணத்தை அமைத்திருக்கிறது. மூன்று வாரத் திட்டத்துக்கு இத்தகைய தீவு பொருந்தாது.

இனி சமையலறைக் கேள்வி. இதற்கான விடை தீவின் மண்ணைப் பொறுத்தது. எரிமலையால் உருவான உயரமான தீவுகளில் மண் வளமானது, மழையும் நிறைய. கிழங்கு, வாழை, பப்பாளி என உள்ளூர் விளைச்சல் சந்தைக்கு வரும், சமையலறை எடுத்தால் உண்மையிலேயே மிச்சமாகும். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரமே உள்ள பவளத்தீவுகளிலோ மண் என்பதே பவள மணல்தான். தென்னையையும் வேறு சில மரங்களையும் தவிர அதிகம் விளையாது. அரிசி, எண்ணெய், வெங்காயம் எல்லாம் கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதமானால் கடை அலமாரி காலியாக இருக்கும், பணம் இருந்தும் வாங்கப் பொருள் இருக்காது. அங்கே காலை உணவும் இரவு உணவும் சேர்த்து வாடகை வாங்கும் குடும்ப விடுதியே சிக்கனம். பிரெஞ்சு பாலினேசியாவின் பவளத்தீவுகளில் இத்தகைய விடுதிகளே வழக்கம். சமோவாவின் கடற்கரைகளில் ஃபாலே எனப்படும் திறந்த குடில்கள் கிடைக்கின்றன. ஒரு மெத்தை, ஒரு கொசுவலை, பெரும்பாலும் இருவேளை உணவு, அவ்வளவுதான். ஆனால் கதவும் பூட்டும் இல்லாத இடத்தில் உறங்க உங்களுக்கு மனம் ஒப்புமா என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். உலர் உணவைக் கையோடு கொண்டுபோகலாம். ஆனால் பழம், விதை, இறைச்சி போன்றவற்றைப் பல தீவுகளின் எல்லையில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

மீன் பிடித்துச் சாப்பிட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. பவளப்பாறைகளை அண்டி வாழும் பெரிய மீன்களில், குறிப்பாகச் சீலா, களவா, அஞ்சாளை போன்றவற்றில், சிகுவாட்டெரா என்னும் நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது. மீனின் நிறத்திலோ மணத்திலோ தெரியவும் தெரியாது. எந்தப் பாறைப் பகுதியின் மீனைத் தின்னக்கூடாது என்பது உள்ளூர் மீனவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்காமல் எதையும் அடுப்பில் ஏற்ற வேண்டாம். ஆழ்கடலில் பிடிபடும் சூரை மீனில் இந்த நஞ்சு பொதுவாக இருப்பதில்லை.

விடுதி உரிமையாளரிடம் படங்களைக் கேட்பதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். பவளத்தீவுகளில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மெல்லிய நன்னீர் அடுக்காக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். மற்றபடி கூரையிலிருந்து தொட்டியில் சேர்க்கும் மழைநீர்தான். வறண்ட மாதங்களில் குளியல் தண்ணீருக்கே அளவு வைப்பார்கள், குடிநீரைப் புட்டியில் வாங்க நேரும், மூன்று வாரத்தில் அது சிறிய தொகையாக இருக்காது. மின்சாரத்தைக் கப்பலில் வரும் டீசலிலிருந்து எடுக்கும் தீவுகளில் குளிர்சாதன அறைக்கு வாடகை ஏறுவதன் காரணமும் அதுவே. இரு பக்கமும் சன்னல் உள்ள, மின்விசிறியும் கொசுவலையும் கொண்ட அறை போதும்.

பணத்தாள் வேண்டிய அளவு கையிலிருக்கட்டும். ஒரே ஒரு பணம் எடுக்கும் எந்திரம் இருக்கும் தீவில் அது பழுதானால் மாற்று வழியில்லை. டோங்கா நாட்டின் அரசியல் சட்டமே ஞாயிற்றுக்கிழமையைப் புனித நாளாக அறிவித்து வணிகத்தைத் தடை செய்கிறது. இத்தகைய இடங்களில் சனிக்கிழமையே தேவையானதை வாங்கிவிட வேண்டும்.

குறைக்கக்கூடாத செலவு ஒன்றே: நோயாளியை வேறு ஊருக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் மருத்துவக் காப்பீடு. சிறு தீவின் மருத்துவ நிலையத்தில் அறுவை சிகிச்சை வசதி பெரும்பாலும் இருக்காது. தனி விமானம் அமர்த்த நேர்ந்தால் வாழ்நாள் சேமிப்பே கரைந்துபோகும். தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவு இத்தகைய காப்பீடு இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. முக்குளிப்பில் ஈடுபடும் எண்ணம் இருந்தால் அதற்கும் அந்தக் காப்பீடு பொருந்துகிறதா என்று படித்துப் பாருங்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, முழுத் தொகையையும் கொடுக்க வேண்டாம். முதல் சில இரவுகளுக்கான வாடகையை மட்டும் அனுப்பி, மீதியை நேரில் தருவதாக எழுதுங்கள். சிறு விடுதிக்காரர்கள் பலர் இதற்கு இசைவார்கள். இசையாவிட்டால், படகோ விமானமோ ரத்தாகி நீங்கள் வந்துசேர முடியாத இரவுகளுக்கான பணத்தைத் திருப்பித் தருவார்களா, அல்லது அந்த இரவுகளைத் தங்கலின் இறுதியில் சேர்த்துத் தருவார்களா என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே அனுப்புங்கள். அதே கடிதத்தில் துறைமுகத்திலிருந்து விடுதிவரை அழைத்துச்செல்வது வாடகையில் சேர்ந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். வாடகை வண்டி ஒன்றிரண்டே ஓடும் தீவில் அந்தச் சிறு தூரத்துக்கு ஒரு நாள் வாடகையளவு கேட்பதும் உண்டு.