Re: டைடல் பார்க்கில் வேலை, எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது?

தம்பி, நெல்லையிலிருந்து வர்றீங்க, அடுத்த மாசம் டைடல் பார்க்கில் சேரணும், சென்னையில் எந்தப் பக்கமும் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. வாடகை ஆப்பைப் பார்த்து அட்வான்ஸ் போட்டுடாதீங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிங்க.

பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியிலிருந்து வேளச்சேரிக்குப் போங்க. தண்டவாளம் உயரத்தில் போவதால், ஊர் எங்கே எப்படி மாறுதுன்னு ஜன்னலிலேயே தெரியும். திருவல்லிக்கேணி மேன்ஷனும் மெஸ்ஸும். தனி ஆளுக்குத் தோது, ஆனா அறை தீப்பெட்டிதான். மயிலாப்பூர், மந்தைவெளி கோயில், மார்க்கெட், கச்சேரின்னு எனக்குப் பிடிச்ச இடம். வாடகைதான் கடிக்கும். டைடல் பார்க்குக்கு இறங்க வேண்டியது திருவான்மியூர் ஸ்டேஷன், தரமணி இல்லை. நான் முதல் நாள் தரமணியில் இறங்கி வேர்க்க வேர்க்க நடந்தவன்.

வேளச்சேரி வசதிதான், ஆனா பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல தெருக்களில் தண்ணீர் நின்னது. ஒரே ஏரியாவில் ஒரு தெரு மூழ்கும், அடுத்தது தப்பிக்கும். புரோக்கர் சொல்ல மாட்டார். தெருமுனையில் இஸ்திரி போடுறவரிடம் கேளுங்க: "2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே? மே மாசம் லாரித் தண்ணியா?" கையாலேயே அளவு காட்டுவார்.

முடிஞ்சா முதல் 2 மாசம் திருவான்மியூர் பக்கம் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) இருங்க, வீட்டை அப்புறம் தேடலாம். பட்ஜெட் எவ்வளவுன்னு போடுங்க, தெருப் பேரோட சொல்றேன்.