டிஜிட்டல் எக்ஸ்ரேயைக் கணினியில் சரிசெய்யலாமே, எக்ஸ்போஷரில் (படமெடுக்கச் செலுத்தும் கதிரின் அளவில்) ஏன் இத்தனை கவனம்?

ஒளிர்வைச் சரிசெய்யலாம். நாய்ஸை அப்படிச் சரிசெய்ய முடியாது.

ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கருத்துவிடும், குறைந்தால் வெளுத்துவிடும். தப்பு உடனே தெரியும். இப்போது மென்பொருள் எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி ஒளிர்வுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆனால் ஒரு பிக்சலில் 100 ஃபோட்டான் (கதிரின் துகள்) பதிவானால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 சதவீதம். 10,000 பதிவானால் 1 சதவீதம்தான். இந்த ஏற்ற இறக்கம்தான் நாய்ஸ். கதிர் குறைவான மார்பு எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள், மணல் தூவிய மாதிரி இருக்கும். விண்டோ அளவை (திரையில் ஒளிர்வு, கான்ட்ராஸ்ட் அமைப்பை) எவ்வளவு மாற்றினாலும் அந்த மணல் போகாது.

கதிர் கூடினால்தான் வம்பு. படம் வழவழவென்று அழகாக வரும், டாக்டரும் குறை சொல்லமாட்டார். அதனால் டெக்னீஷியன்கள் மெல்ல மெல்ல எக்ஸ்போஷரை ஏற்றிக்கொண்டே போகும் பழக்கம் வந்துவிடுகிறது. நஷ்டம் நோயாளிக்கு. அளவு மீறினால் டிடெக்டர் (கதிரைப் பதிவுசெய்யும் தகடு) நிரம்பி, நுரையீரல் ஓரங்கள் ஒரேயடியாகக் கருத்துப்போகும். அங்கே மீட்க எதுவும் மிச்சமிருக்காது.

 

படத்தின் அழகை நம்பாமல், திரையில் வரும் டீவியேஷன் இண்டெக்ஸைப் (எக்ஸ்போஷர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்ணை) பாருங்கள். 0 என்றால் இலக்கு அளவு. +3 என்றால் டிடெக்டருக்கு வந்தது கிட்டத்தட்ட இரு மடங்கு, -3 என்றால் பாதி.