ஜெர்மனிக்கு வரும் பார்சல், மாத்திரை, நகை: கஸ்டம்ஸ் கேள்விகளும் பதில்களும்

அம்மா சென்னையிலிருந்து பட்டுச்சேலை அனுப்பினார். மேலே 'கிஃப்ட்' என்று எழுதியும் வரி கேட்கிறார்களே?

கிஃப்ட் என்று எழுதினால் மட்டும் போதாது. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குக் காசு வாங்காமல் அனுப்ப வேண்டும், மதிப்பும் 45 யூரோவுக்குள் இருக்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: அம்மா கடையில் பணம் கட்டி, கடைக்காரரே பார்சல் போட்டுவிட்டால் அனுப்புநர் ஒரு நிறுவனமாகிவிடுகிறது, அது கிஃப்ட் கணக்கில் வராது. வணிகப் பார்சலுக்கு 2021 ஜூலை 1-லிருந்து முதல் யூரோவுக்கே வரி உண்டு. அம்மாவே அனுப்பியிருந்து சேலை 120 யூரோ என்றால், 17.5 சதவீதம், 21 யூரோ கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரே சேலை என்பதால் 45 யூரோவைக் கழிக்க மாட்டார்கள்.

பார்சலை வந்து வாங்கிக்கொள்ளும்படி கஸ்டம்ஸிலிருந்து கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். அடையாள அட்டை, பில், பணம் கட்டிய ஆதாரம், இவற்றைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியை உங்கள் கையாலேயே பிரிக்கச் சொல்வார்கள், உள்ளே இருப்பதும் படிவத்தில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அதனால் ஊரில் படிவம் நிரப்புகிறவரிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்: 'துணி' என்று மொட்டையாக எழுத வேண்டாம், 'பட்டுச்சேலை 1' என்று உண்மையான விலையோடு எழுதட்டும்.

அப்பாவின் சர்க்கரை மாத்திரையை ஊரிலிருந்து தபாலில் வரவழைக்கலாமா?

கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து தனிநபர்கள் தபாலில் மருந்து வரவழைக்க அனுமதி இல்லை, டாக்டர் சீட்டு இருந்தாலும்தான். வரும்போது கையோடு சொந்தத் தேவைக்குக் கொண்டுவரலாம், சுமார் மூன்று மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே டாக்டரிடம் பிராண்ட் பெயரைச் சொல்லாமல் மெட்ஃபார்மின் போன்ற மூலப்பெயரைக் காட்டுங்கள், அவருக்கு உடனே புரியும்.

பெட்டியில் கறிவேப்பிலை, தேங்காய், நெய் வைக்கலாமா?

தேங்காய் சரி, வாழைப்பழமும் சரி. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கூடாது. நெய், பால்கோவா, கருவாட்டுக்குள் ஒளித்த கோழி ஊறுகாய் எல்லாவற்றையும் ஊரிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போன என் சொந்த நகைக்கே ஏர்போர்ட்டில் வரி கேட்டார்கள். நியாயமா?

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் சங்கிலி பழையதா, போன வாரம் வாங்கியதா என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? விமானத்தில் வருபவருக்கு வரியில்லா வரம்பு 430 யூரோதான், கழுத்தில் கிடந்தாலும் பெட்டியில் இருந்தாலும் அதே கணக்கு, பாட்டி கொடுத்ததும் சேரும். ஒரே நகைக்குக் கணவன் மனைவி வரம்பைக் கூட்டிக் காட்டவும் முடியாது. எனவே ஊருக்குக் கிளம்பும் முன்பே நகைகளைக் கஸ்டம்ஸில் காட்டி, இவை இங்கிருந்துதான் போகின்றன என்று அடையாளச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோவும் பழைய பில்லும் இருந்தால் கொண்டுபோங்கள். ஊரில் புதிதாக வாங்கியிருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். பச்சை வழியில் நடந்தாலே 'அறிவிக்க ஒன்றுமில்லை' என்று சொன்னதாகத்தான் அர்த்தம், அதற்குப் பிறகு பிடிபட்டால் வரியோடு அபராதமும் வரலாம்.

வேலைக்காக நிரந்தரமாகக் குடிவருகிறேன். வீட்டுச் சாமானுக்கு வரி உண்டா?

ஒன்றியத்துக்கு வெளியே குறைந்தது 12 மாதம் வாழ்ந்திருந்து, 6 மாதமாவது பயன்படுத்திய பொருள் என்றால் இல்லை. குடிவந்த 12 மாதத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள், அப்புறம் 12 மாதத்துக்கு அவற்றை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. கப்பலில் ஏற்றும் முன்பே கிரைண்டர் முதல் குத்துவிளக்கு வரை பட்டியல் போட்டு வையுங்கள்.